வாடகையில் அடங்காதது

அந்தமானில் ஒரு நாள் தனி வண்டியும் வழிகாட்டியும் அமர்த்திக்கொள்வது வீண்செலவன்று என்பதே நம் கருத்து. முதியோருக்கும் சிறார்க்கும் ஏற்ற வேகத்தில் சுற்றிப் பார்க்கலாம். எனினும், பாராடாங் சுண்ணாம்புக் குகைகளுக்குச் செல்லும் நெடுஞ்சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டை ஊடறுத்துச் செல்கிறது. அப்பகுதியில் இச்சாலையை மூடுமாறு 2002-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டும், போக்குவரத்து நின்றபாடில்லை. காவலர் துணையுடன் வண்டிகள் அணியாகவே செல்கின்றன. இடையில் நிறுத்துவதும், படமெடுப்பதும், உணவு கொடுப்பதும் குற்றம். வெளியார் கொண்டுவரும் நோய்கள் அம்மக்களுக்குப் பேராபத்து. தனி வண்டிதானே என்று ஓட்டுநரிடம் கூடுதல் பணம் நீட்டி நிறுத்தச் சொல்லலாகாது; அது அவருடைய பிழைப்பையும் கெடுக்கும். நாம் செலுத்தும் வாடகை வண்டிக்கும் வழிகாட்டியின் உழைப்புக்கும் உரியது. மனிதரை வேடிக்கை பார்க்கும் உரிமை அதில் அடங்காது.