கண்ணை விட்டுட்டு தோலை உரிங்க சார்!

இந்த வசனத்தைக் கேக்காம நம்மள்ல யாராவது பள்ளிக்கூடம் முடிச்சிருக்கோமா? எங்க பள்ளிப்பட்டு பக்கம் பிள்ளையைச் சேர்க்கும்போதே வாத்தியார்கிட்ட பெருமையா சொல்லுவாங்க. முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கணும்னு பழமொழி வேற.

சரி, வாங்கின அடியெல்லாம் எங்க போகுது?

ஒம்பதாவது படிக்கிற பையன் ஒருத்தன் ஆறாவது பசங்களை மிரட்டுறான், காசு பிடுங்குறான், பட்டப்பேர் வெச்சு அழ வைக்கிறான்னு வைங்க. உடனே 'ரவுடிப்பய'ன்னு முத்திரை. அப்பாவைக் கூட்டிட்டு வாடா! அவர் தறியை நிறுத்திட்டு, அரைநாள் கூலி போன கோபத்தோட வர்றார். ஹெட்மாஸ்டர் ரூம்லயே பளார்னு ஒண்ணு. மீதி வீட்டுல. பிரச்சினை தீர்ந்துச்சாம்!

பையன் என்ன கத்துக்கிட்டான்? பலம் உள்ளவன் இல்லாதவனை அடிக்கலாம். மறுநாள் இன்னும் சின்னவனாப் பாத்து, வெளிய சொல்லாதவனாப் பாத்துப் பிடிக்கிறான்.

2007-ல மத்திய அரசு 13 மாநிலங்கள்ல 12,447 குழந்தைகள்கிட்ட கேட்டு ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு. மூணுல ரெண்டு பேர் அடி உதைக்கு ஆளானவங்க. குடும்பத்துக்குள்ள அடிபட்டவங்கள்ல 88.6 சதவீதம் பேரை அடிச்சது பெத்தவங்க. தமிழ்நாடு அந்த 13-ல இல்ல. ஆனா எங்க ஊர் எல்லையைத் தாண்டினா வர்ற ஆந்திரா இருக்கு. பார்டர் தாண்டினா அடி மாறிடுமா என்ன?

அமெரிக்காவுல ஷீல்ட்ஸ், சிக்கெட்டின்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2001-ல எழுதினது இன்னும் முக்கியம். வீட்டுல கொடுமைக்கு ஆளான பிள்ளைங்க மத்தவங்களைவிட அதிகமா அடுத்த பிள்ளைங்களை மிரட்டுறாங்க. மிரட்டலுக்கு ஆளாகுறதும் அவங்கதான் அதிகம். கோபத்தையும் பயத்தையும் அடக்கி ஆளத் தெரியாமப் போறதுதான் ரெண்டுக்கும் நடுவுல இருக்குற கண்ணி.

நிற்க. அடிவாங்கின எல்லாரும் ரவுடி ஆகுறதில்ல. மிரட்டுற எல்லாரும் அடிவாங்கினவங்களும் இல்ல. 2023-ல நாங்குநேரியில நடந்தது ஜாதி வெறி, அதுக்கு இந்தச் சமாதானமெல்லாம் செல்லாது. அழுதுட்டு நிக்கிற ஆறாவது பையனுக்குத்தான் முதல் நியாயம். காரணம் தேடுறது மன்னிச்சு விடுறதுக்கு இல்ல, திரும்ப நடக்காம இருக்கறதுக்கு.

வாத்தியார் அடிக்கக்கூடாதுன்னு தமிழ்நாட்டுல 2003-லயே விதியைத் திருத்தியாச்சு. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவும் அதையே சொல்லுது. அப்பாவை வரவெச்சு அவர் கையால அடிக்க வைக்கிறது இருக்கே... அது அந்தச் சட்டத்துக்குப் பின்வாசல்!

அப்பாவைக் கூப்பிடுங்க, வேணாம்னு சொல்லல. அதுக்கு முன்னாடி பையனைத் தனியா உக்கார வெச்சு, "வீட்டுல யாராவது அடிக்கிறாங்களாடா? வேற ஏதாவது தொல்லை இருக்கா?"ன்னு கேளுங்க. பாலியல் தொல்லைன்னு தெரிஞ்சா போலீசுக்குச் சொல்லியே ஆகணும், 2012 போக்சோ சட்டம் அப்படித்தான் சொல்லுது. மத்ததுக்கு 1098 இருக்கு, பள்ளிக் கல்வித்துறையோட 14417 இருக்கு.

தோலை உரிக்கச் சொல்ற அப்பாகிட்ட, "அதெல்லாம் இங்க கிடையாதுங்க, வீட்டுலயும் வேணாம்"னு சொல்ற ஒரு வாத்தியார் ஊருக்கு ஊர் இருந்தாலே போதும்னு தோணுது. நீங்க என்ன நினைக்கிறீங்க?