கடவுச்சொல் வேண்டாம், 8000 போதும்!

எங்கள் பள்ளி அறிவியல் கழக மாணவர்கள் மழைமானியில் நாள்தோறும் மழையை அளந்து குறித்து வந்தார்கள். அந்த அளவுகளை இணையப் பக்கமாக்கி, கணினிக்கூடத்தின் எல்லாக் கணினிகளிலும் காட்ட ஆசைப்பட்டார் படிவம் 4 மாணவர் ஒருவர். லினக்ஸ் உள்ள ஒரு பழைய கணினியில் சர்வரைத் தொடங்கினார். “அனுமதி மறுக்கப்பட்டது” என்று திரையில் வந்தது.

“சார், நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கொடுங்கள்” என்று கேட்டார். நான் கொடுக்கவில்லை. அவர் முகம் வாடிவிட்டது. ஆனாலும், நான் செய்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். காரணம் இதுதான்.

கணினியை ஓர் அடுக்குமாடிக் கட்டடமாக எண்ணிக்கொள்ளுங்கள். ஐபி முகவரி கட்டடத்தின் முகவரி. போர்ட் எண் உள்ளே இருக்கும் வீட்டின் எண். இது 16 பிட் எண் என்பதால் 0 முதல் 65535 வரை செல்லும். இணையப் பக்கங்களுக்கு வழக்கமான எண் 80. மறைகுறியாக்கம் செய்யப்பட்ட பக்கங்களுக்கு 443. உலாவிக்கு இவை தெரியும் என்பதால் நாம் தட்டச்சு செய்வதில்லை.

லினக்சில் 1024க்குக் கீழே உள்ள எண்களைத் திறக்க, வழக்கமாக ‘ரூட்’ எனப்படும் தலைமை நிர்வாகியின் உரிமை வேண்டும். பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொண்ட யூனிக்ஸ் காலத்திலிருந்து வரும் விதி இது. யாரோ ஒரு பயனர் முக்கியச் சேவையின் எண்ணைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களை ஏமாற்றக்கூடாது அல்லவா? 1024 முதல் மேலே உள்ள எண்களில், வேறு நிரல் பயன்படுத்தாத எதையும் சாதாரணப் பயனர் திறக்கலாம்.

மாணவர் 80ஐக் கேட்டதுதான் சிக்கல். பைத்தானுடன் வரும் எளிய சர்வரோ, எண் எதுவும் குறிப்பிடாவிட்டால் 8000ஐ எடுத்துக்கொள்ளும். அதை இயக்கி, உலாவியில் ஐபி முகவரிக்குப் பின் முக்காற்புள்ளி இட்டு 8000 என்று தட்டினார். மழை அளவுகள் தெரிந்தன!

“உண்மையான சர்வர்கள் 80இல்தானே இயங்குகின்றன, சார்?” என்று விடாமல் கேட்டார். நல்ல கேள்வி. என்ஜின்எக்ஸ் என்ற புகழ்பெற்ற சர்வரைப் பாருங்கள். வழக்கமான அமைப்பில் அதன் முதன்மைச் செயல்முறை ரூட் உரிமையோடு போர்ட்டைத் திறக்கும். வருகிறவர்களுக்குப் பதில் தரும் வேலையை, உரிமை குறைந்த வேறு செயல்முறைகளிடம் விட்டுவிடும். நிரலில் ஓட்டை இருந்தால், அதன் வழியே நுழைபவருக்கு அந்த நிரலின் உரிமைதான் கிடைக்கும். ரூட்டாக இயங்கினால் கணினி முழுவதும் அவர் கையில். சாதாரணப் பயனராக இயங்கினால் சேதம் பெரும்பாலும் ஓர் எல்லைக்குள் அடங்கும். பெரிய சர்வர்களே வேண்டாம் என்று ஒதுக்கும் அதிகாரம் நமக்கு எதற்கு?

ஆனால், எண்ணை மாற்றினாலே பாதுகாப்பு வந்துவிடாது. பைத்தான் சர்வர், தான் தொடங்கப்பட்ட கோப்புறையில் உள்ள கோப்புகளை, அதே வலையமைப்பில் உள்ள பிறருக்கும் காட்டக்கூடும். எனவே, பக்கத்துக்கென்று தனிக் கோப்புறை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணினிக்குள் மட்டும் சோதிக்க 127.0.0.1 என்ற முகவரியில் இயக்குங்கள். பள்ளி வலையமைப்பில் இயக்கும் முன் ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. “கொடுக்க முடியாது” என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தால், அந்த மாணவர் அன்றோடு சர்வரையே மறந்திருப்பார். மறுத்தால், மாற்று வழியையும் நாம்தான் காட்ட வேண்டும்.

மாணவர்களே, அடுத்த முறை “அனுமதி மறுக்கப்பட்டது” என்று வந்தால், கடவுச்சொல்லைத் தேடி ஓடாதீர்கள். இந்த வேலைக்கு அந்த அனுமதி உண்மையிலேயே தேவையா என்று முதலில் கேளுங்கள். பல நேரங்களில் தேவைப்படாது.