இரண்டு அங்குலம்

கடையில் பளபளவென்று சரக்குப் பெட்டி கிடைக்கும்போது, ஸ்டைரீன் தகட்டை அறுத்து ஒட்டி மாதக்கணக்கில் கண்ணைக் கெடுத்துக்கொள்வது வீண்வேலை என்று மாதிரி ரயில் ஓட்டும் நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். ‘மூன்றடி தள்ளி நின்றால் எல்லாப் பெட்டியும் ஒன்றுதான்’ என்பது அவர் வாதத்தின் அச்சாணி. கூடவே, ஸ்க்ராட்ச் பில்டிங் செய்கிறவர்கள், அதாவது பெட்டியை அடியிலிருந்து தானே கட்டுகிறவர்கள், தலைக்கனம் பிடித்த கூட்டம் என்ற வசை. முப்பரிமாண அச்சு வந்தபின் கைவேலைக்குக் காரியம் முடிந்துவிட்டது என்ற அறிவிப்பு வேறு. போதாக்குறைக்குத் தன் ரயிலின் படத்தையும் போட்டிருக்கிறார். அதையாவது போடாமல் இருந்திருக்கலாம்.

படத்தில் அமெரிக்க நீராவி எஞ்சின் ஒன்று புகைவிடுகிறது. காலம் 1948 என்று அவரே குறித்திருக்கிறார். எஞ்சினிலிருந்து மூன்றாவதாக நிற்கும் பாக்ஸ் காரை, அதாவது மூடிய சரக்குப் பெட்டியைப் பாருங்கள். கூரை மொட்டை. மேலே நடைபலகை இல்லை, பக்கவாட்டு ஏணியும் பாதி உயரத்தில் நின்றுவிடுகிறது. அமெரிக்காவில் புதிதாகக் கட்டும் பாக்ஸ் கார்களுக்கு நடைபலகை வேண்டாம் என்றானது 1966-இல். சந்தேகம் தீர படத்தைப் பெரிதாக்கினேன். பெட்டியின் பக்கத்திலேயே கட்டிய மாதமும் வருஷமும் எழுதியிருக்கிறது: 8-67. பிறக்க இன்னும் 19 வருஷம் இருக்கிற பெட்டியை எஞ்சின் இழுத்துக்கொண்டு போகிறது. மூன்றடி என்ன, அடுத்த அறையிலிருந்து பார்த்தாலே தெரிகிற கோளாறு.

தெரியாதது குற்றமில்லை. ‘தெரிந்து என்ன ஆகப்போகிறது’ என்று கட்டுரை எழுதியதுதான் குற்றம்.

அந்தப் பலகை எதற்கு இருந்தது? ஏர் பிரேக் பரவாத காலத்தில், ஓடுகிற ரயிலின் கூரைமேல் பிரேக்மேன் பெட்டிக்குப் பெட்டி தாவி, கைச்சக்கரத்தைத் திருகித்தான் வண்டியை நிறுத்தினான். மழையிலும் பனியிலும் அவனுக்கு வழி அந்தப் பலகை ஒன்றே. கீழே இறங்கினால் இன்னொரு ஆபத்து. வளையமும் ஊசியும் வைத்த பழைய இணைப்பில், இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நின்று வளையத்தைக் கையால் பிடித்துச் செருக வேண்டும். கொஞ்சம் பிசகினால் விரல் போகும், சில சமயம் ஆளே போவான். இதைத் தடுக்கத்தான் 1893-இல் சட்டம் வந்தது. தானாகப் பூட்டும் இணைப்பு, ஏர் பிரேக், பிடித்துக்கொள்ளக் கைப்பிடிக் கம்பிகள் எல்லாம் கட்டாயமாயின. 1911 ஆணை அந்தக் கம்பி எங்கே, எத்தனை, என்ன அளவில் இருக்க வேண்டும் என்பதுவரை சொன்னது. கனம் குறைந்தது 5/8 அங்குலம். கம்பிக்கும் சுவருக்கும் நடுவே குறைந்தது 2 அங்குலம், ஒரு கை உள்ளே நுழைய வேண்டுமே.

இப்போது மலிவான ரெடிமேட் பெட்டியைக் கையில் எடுங்கள். கம்பி சுவரோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும். இடைவெளி பூஜ்யம், அதாவது பிரேக்மேன் பிடித்துத் தொங்குவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. ஹெச்ஓ அளவில், அதாவது 87-இல் ஒரு பங்கில், அந்த 2 அங்குலம் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரும். அதைக் கொண்டுவர 80-ஆம் எண் ட்ரில் பிட்டைப் பின் வைஸில் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, 0.34 மில்லிமீட்டர் துளை போட வேண்டும். பிட் உடையும். நான் உடைத்ததை எண்ணுவதை விட்டுப் பல வருஷமாகிறது. பிறகு மெல்லிய பித்தளைக் கம்பியை வளைத்துச் செருகி, பின்னால் ஒரு ஸ்டைரீன் துண்டை முட்டுக் கொடுத்து, இடைவெளி ஒரேமாதிரி நிற்கப் பசை வைக்க வேண்டும். நண்பருக்கு இது வீண்வேலை. பக்கவாட்டில் விளக்கொளி பட்டதும் அந்தக் கம்பியின் நிழல் சுவரில் தனியாக விழும், அதையாவது அவர் ஒருமுறை பார்த்திருக்கலாம்.

‘அடிப்பாகத்தை யார் பார்க்கிறார்கள்’ என்கிறார். முதல் பெட்டி கட்டியபோது நானும் இதையேதான் சொன்னேன். அமெரிக்க அரசாங்கம் ரயில்வேக்களைத் தன் கையில் எடுத்துக்கொண்டபின் 1918-இல் வரைந்த பொது வடிவம் அந்தப் பெட்டி. பலகை உள்ளே, இரும்புச் சட்டம் வெளியே, விலா தெரிகிற கிழட்டு மாடு மாதிரி. கால் மில்லிமீட்டர் தகட்டின் பின்புறம் ஊசியால் குத்திக் குத்தி ரிவெட் வரிசையை எழுப்பினேன். ஒரு குத்து கோணியதும் தகட்டையே தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். இவ்வளவும் செய்தவன் அடியில் மட்டும் கைக்குக் கிடைத்த பிரேக்கை ஒட்டினேன், பழைய ‘கே’ வகை. அதில் பெரும்பாலும் சிலிண்டரும் காற்றுத் தொட்டியும் ஒரே உருளையாக இருக்கும். 1933 முதல் புதுப் பெட்டிகளுக்கு வந்த ‘ஏபி’ வகையில் சிலிண்டர், தொட்டி, வால்வு மூன்றும் தனித்தனி. என் ரயிலின் காலமோ 1955. ‘கே’ பிரேக் பெட்டிகளை ஒரு ரயில்வே இன்னொன்றிடம் கைமாற்றக்கூடாது என்று 1953-இலேயே தடை வந்துவிட்டது. ஊர் ஊராகச் சுற்ற வேண்டிய என் பெட்டி விதிப்படி சொந்த ரயில்வேயைத் தாண்ட முடியாதது. கண்மட்டத்தில் அலமாரியில் வைத்தால் அந்த உருளை விளிம்புக்குக் கீழே நன்றாகவே தெரிந்தது. பிய்த்து எடுத்தபோது இரண்டு குறுக்குச் சட்டமும் சேர்ந்து வந்தன.

தலைக்கனம் என்ற வசைக்கு நீண்ட பதில் தேவையில்லை. அமெரிக்காவில் 1935-இல் தொடங்கிய என்எம்ஆர்ஏ என்ற மாதிரி ரயில் சங்கம் பெட்டிகளுக்கு மதிப்பெண் போடும் முறையில் மொத்தம் 125. தானே கட்டியதற்கு அதில் 15 மட்டும். அசலை ஒத்திருப்பதற்கு 25, கட்டுமானத் திறனுக்கு 40. ஸ்க்ராட்ச் பில்ட் என்று சொல்லிக்கொள்ளும் பெட்டியிலும் சக்கரத்தையும் கப்ளரையும் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ள விதியே இடம் தருகிறது. ‘இரும்பை உருக்கிச் சக்கரம் வார்க்காதவனை மதிக்காத கூட்டம்’ என்று நண்பர் வர்ணிக்கும் கூட்டத்தை இதுவரை நான் சந்தித்ததில்லை.

முப்பரிமாண அச்சு விஷயத்தில் எனக்குச் சண்டையே இல்லை. நானும் பிரேக் வால்வை அச்சிட்டுத்தான் ஒட்டுகிறேன். ஆனால் கணினியில் அதை வரைகிறவன் குழாய் எங்கே தொடங்கி எங்கே போய்ச் சேருகிறது என்று முதலில் தெரிந்துகொண்டாக வேண்டும். ரயில் பெட்டிகளின் விவரம் தரும் பழைய கார் பில்டர்ஸ் சைக்ளோபீடியாவைப் புரட்டாமல் அது நடக்காது. அவன் கத்தியை வைத்துவிட்டு மௌஸைப் பிடித்திருக்கிறான், அவ்வளவுதான். அவனும் எங்கள் கட்சி. வேறு யாரோ வரைந்த கோப்பை வாங்கி, யாரோ அச்சிட்டதைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு கைவேலைக்கு இரங்கற்பா பாடுகிறவர்தான் எந்தக் கட்சி என்று விளங்கவில்லை.

படத்தைக் காப்பாற்ற நண்பருக்கு ஒரு சுலப வழி உண்டு. குறிப்பில் 1948 என்பதை 1968 என்று திருத்திவிடலாம், பாக்ஸ் கார் தப்பித்துவிடும். அப்புறம் அந்த நீராவி எஞ்சினை எங்கே ஒளித்துவைப்பது என்று அவர்தான் யோசிக்க வேண்டும்.