வெயில் மீது மட்டும் பழி போடலாமா?

2024 ஜூன் 17 அன்று மக்கா ஹரம் ஷரீஃபில் வெப்பநிலை 51.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அந்த ஆண்டு ஹஜ்ஜின்போது 1,301 பேர் இறந்ததாக சவூதி அரசு அறிவித்தது. "புனித பூமியில் மவ்த், கொடுத்து வைத்தவர்கள்" என்று நாம் ஆறுதல் சொல்லிக்கொண்டோம். அவர்களுக்காக துஆச் செய்வது நம் கடமை. ஆனால் அந்த ஆறுதலோடு நின்றுவிட்டால், அந்த எண்ணிக்கை சொல்லும் பாடத்தைத் தவறவிடுவோம்.

இறந்தவர்களில் 83 விழுக்காட்டினர் ஹஜ் அனுமதி இல்லாமல் வந்தவர்கள். செலவு குறைவு என்பதால் சுற்றுலா விசாவில் அழைத்து வரப்பட்டவர்கள் அவர்களில் பலர். அனுமதி பெற்ற ஹாஜிகளுக்குக் குளிரூட்டப்பட்ட கூடாரமும் பேருந்தும் கிடைத்தன. இவர்களோ தங்க இடமின்றி, நேரடி வெயிலில் நெடுந்தூரம் நடந்தார்கள். இதையடுத்து எகிப்து அரசு 16 பயண நிறுவனங்களின் உரிமத்தை ரத்து செய்தது. துனீசியாவில் சமய விவகார அமைச்சர் பதவி இழந்தார். வெயில் எல்லோருக்கும் ஒன்றுதான். ஏற்பாடு இல்லாதவர்களையே அது அதிகம் பலிகொண்டது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்ட வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல். கடும் வெப்பத்தில் லுஹர் தொழுகையைச் சற்றுத் தணிந்த நேரத்திற்குத் தாமதிக்கும்படி அவர்கள் கூறியது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. இஹ்ராமில் ஆண்கள் தலையைத் துணியால் மூடக் கூடாது. குடை பிடிக்கத் தடையில்லை. கல்லெறிய இயலாத முதியவர் வேறொருவரை நியமிக்கலாம். மார்க்கம் தந்த இந்தச் சலுகைகளை வீம்புக்காக மறுப்பது பக்தியாகாது. ஹஜ் பயிற்சி வகுப்பில் துஆக்களை மனனம் செய்ய வைக்கும் ஆலிம்களாகிய நாங்கள், இதையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும்.

பெற்றோரை அனுப்பும் பிள்ளைகள் முதலில் பார்க்க வேண்டியது விசா எந்த வகை என்பதை. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் புறப்படும் முன்பே மருத்துவரிடம் ஆலோசனை பெற வேண்டும்.

வெயில் மக்காவோடு முடிவதில்லை. தமிழக அரசும் வெப்ப அலையை 2024இல் மாநிலப் பேரிடராக அறிவித்துள்ளது. ஜும்ஆ உச்சிவெயில் நேரத்தில்தான் வருகிறது. பள்ளிவாசலில் இடமின்றித் தெருவில் ஸஃப் நிற்பவர்களுக்குப் பந்தலும் தண்ணீரும் இருக்கின்றனவா என்று ஜமாஅத் நிர்வாகம் பார்க்கட்டும். கத்திரி வெயிலில் குத்பாவை சுருக்குவதும் சுன்னத்திற்கு மாற்றமில்லை. தகரக் கூரை வீட்டில் தனியே இருக்கும் முதியவரை மதியத்தில் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

ஒருவர் வெயிலில் குழறிப் பேசினாலோ மயங்கினாலோ அது வெறும் களைப்பல்ல, வெப்ப வாதமாக இருக்கலாம். உடனே 108க்கு அழையுங்கள். நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.

ஓர் உயிரை வாழ வைப்பது மனிதர் அனைவரையும் வாழ வைப்பதற்குச் சமம் என்பது குர்ஆனின் போதனை. இந்தக் கோடையில் ஒரு குடம் தண்ணீருக்கும் ஒரு பந்தலுக்கும் அந்த நன்மை கிடைக்கக்கூடும், இன்ஷா அல்லாஹ்.