பராக்கு

நாலாம் வகுப்பில் என்னை வெயிலில் முட்டி போட வைத்தீர்களே, நினைவிருக்கிறதா டீச்சர்? கணக்கு நோட்டைக் காட்டவில்லை என்று. "பராக்கு" என்று பட்டம் வைத்தீர்கள். வகுப்பே அப்படிக் கூப்பிட்டது. ஓடியாடி வகுப்பைக் கலைக்கிற பிள்ளையாக இருந்திருந்தால், யாராவது டாக்டரிடம் காட்டச் சொல்லியிருப்பார்கள். நான் ஜன்னலோரம் வாய் திறக்காமல் இருந்த பெண்பிள்ளை. எனக்குக் கிடைத்தது பிரம்பு.

இப்போது எனக்கு 41 வயது. அடுப்பில் வைத்த பாலை மறக்கிறேன். கெடு தாண்டி, அபராதத்தோடு கரண்ட் பில் கட்டுகிறேன். மூன்று வேலைகள் கைவிட்டுப் போயின. "அக்கறை இருந்தா மறக்குமா?" என்கிறார் கணவர். போன வருஷம்தான் மனநல மருத்துவர் சொன்னார், இது ஏடிஹெச்டி என்ற கவனக் குறைபாட்டுக் கோளாறு என்று. அன்று நான் அழுதது நோயை நினைத்து இல்லை. வாங்கிய அடிகளை நினைத்து.

2007-ல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தார் ஏடிஹெச்டி உள்ள, இல்லாத பிள்ளைகளின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு மூளையின் மேலுறை ஏழரை வயதுவாக்கில் முழுத் தடிப்பை எட்டுகிறது; எங்களுக்குப் பத்தரை ஆகிறது. அதிகம் பிந்துவது, கவனத்தை ஆளுகிற முன்பகுதி. காத்திருந்து வளர்க்க வேண்டிய மூளையை அடித்து முடுக்கப் பார்த்தீர்களே!

"வளர்ந்தா சரியாயிடும்" என்றார்கள் உறவுக்காரர்கள். எல்லோருக்கும் சரியாவதில்லை. 2014-ல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள், சிறுவயதில் இக்கோளாறு கண்டறியப்பட்ட 35 பெரியவர்களின் மூளையை ஓய்வில் இருக்கும்போது ஆராய்ந்தார்கள். மீண்டவர்களுக்கு மூளையின் முன்னும் பின்னும் உள்ள இரு பகுதிகள் ஒத்து இயங்கின. மீளாதவர்களுக்கு அந்த ஒத்திசைவு இல்லை. இதற்கா அக்கறையில்லாதவள் என்ற பேர்?

2009-ன் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைகளை அடிக்காதே என்கிறது. பிரம்பை விட்டவர்கள் சொல்லை விட்டார்களா? 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளை அடுக்கியது. ஆட்டிசம் இருக்கிறது, கற்றல் குறைபாடு இருக்கிறது; ஏடிஹெச்டி இல்லை. சட்டத்தில் எங்களுக்குப் பெயரில்லை. வகுப்பில் மட்டும் வைத்துவிடுகிறீர்கள்.

முட்டி போட்ட அன்று சாயங்காலம் வீட்டில் பையைக் கொட்டினேன் டீச்சர். நோட்டு அதற்குள்தான் கிடந்தது. கணக்கெல்லாம் போட்டு முடித்திருந்தேன். அந்தப் பையில் கைவிட்டு எனக்காகத் தேட ஒருவருக்கும் தோன்றவில்லையே!