நாடா மங்கும் முன்

மாதேஸ்வரன் மலைக் காடுகள் வீரப்பனின் கோட்டையாக இருந்த காலம். 1993 ஏப்ரலில் பாலாறு அருகே கண்ணிவெடிக்கு 22 பேர் பலி. பின்னர் காட்டுக்குள் சென்ற 'நக்கீரன்' குழு, வீரப்பனின் பேச்சை வீடியோவில் பதிவு செய்தது. 2004இல் வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டான். அந்தப் பேச்சு 'கூச முனிசாமி வீரப்பன்' தொடராக ஜீ5 தளத்தில் வந்ததோ 2023 டிசம்பரில். படம் பிழைத்திருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று.

பீரோவில் கிடக்கும் கல்யாண கேசட்டுகளுக்கு அந்த யோகம் வாய்க்குமா? ஈரம் பட்டால் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். நாளாக ஆகப் பதிவும் மங்கும். ஓட்டிப் பார்க்க வி.சி.ஆர். கிடைப்பதும் அரிது. கடைசிவரை அதைத் தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமே 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. கம்ப்யூட்டரில் ஏற்றக் குறுக்கு வழியும் கிடையாது: மூன்று மணி நேர கேசட் என்றால் மூன்று மணி நேரமும் ஓடியாக வேண்டும்.

சாதாரண டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜி.பி. நல்ல தரத்தில் சுமார் இரண்டு மணி நேரப் படம்தான் அடங்கும். உடனே கத்தரி போடத் தோன்றும். அதற்கு முன் முழுப் பிரதி ஒன்று ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும். 'போர்' என்று வெட்டி எறியும் பந்திக் காட்சியில்தான், வேறெந்தப் படத்திலும் இல்லாத பாட்டி இலையில் உப்பு வைத்துக்கொண்டிருப்பாள்.