காரைக்குடித் தூண்களும் மறுசுழற்சிக் கணக்கும்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில், செட்டிநாட்டு வீடுகளிலிருந்து கழற்றப்பட்ட பர்மா தேக்குத் தூண்களும் நிலைகளும் கதவுகளும் விற்பனைக்கு வருகின்றன. இங்கு வாங்கிச் செல்லப்படும் தூண் ஏதோ ஒரு விடுதியின் முகப்பில் மீண்டும் நிற்கும். அதற்காகப் புதிதாக ஒரு மரமும் வெட்டப்படுவதில்லை. சுழற்சிப் பொருளாதாரத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் உண்டா என்று வகுப்பறையில் நானே கேட்டதுண்டு.

அது பாதிக் கணக்கு என்று இப்போது தோன்றுகிறது. தூண் போன இடத்தைப் பார்த்தேனே தவிர, அது நின்ற மனையில் என்ன எழுகிறது என்று பார்க்கவில்லை. சிமெண்ட், கம்பி, எம்-சாண்ட், ஜல்லி ஆகிய அனைத்தும் பெரும்பாலும் புதிதாகத் தோண்டி எடுத்தவை.

உலகக் கணக்கும் இப்படித்தான். 1970-இல் சுமார் 3,000 கோடி டன்னாக இருந்த ஆண்டுப் பொருள் அகழ்வு, இன்று 10,000 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. ‘சர்க்கிள் எகானமி’ அமைப்பின் 2018-ஆம் ஆண்டு அறிக்கை, உலகப் பொருள் நுகர்வில் மறுசுழற்சிப் பொருளின் பங்கு 9.1 சதவீதம் என்றது. 2025-ஆம் ஆண்டு அறிக்கை 6.9 சதவீதம் என்கிறது. மறுசுழற்சியாகும் பொருளின் அளவு சற்றுக் கூடியே இருக்கிறது. நுகர்வு அதைவிட வேகமாகக் கூடியதால் பங்கு குறைந்தது.

இதில் எளிய கணிதம் ஒன்று உண்டு. எஃகின் தேவை ஆண்டுக்கு 3 சதவீதம் வளர்வதாகவும், ஒரு கட்டடம் 40 ஆண்டுகள் நிற்பதாகவும் கொள்வோம். அன்று பயன்படுத்திய எஃகு முழுவதையும், ஒரு கிலோகூட விடாமல், இன்று உருக்கி எடுத்தாலும் இன்றைய தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கிடைக்கும். மீதி சுரங்கத்திலிருந்துதான் வர வேண்டும். இந்தியரின் சராசரி நுகர்வு உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு என்பதால், நம் தேவை வளரக்கூடாது என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. ஆகவே நம்மிடம் மிஞ்சும் வழி, கட்டியதை நீண்ட காலம் நிற்க வைப்பது.

சட்டங்களின் கவனமோ இடித்த பிறகே தொடங்குகிறது. கட்டடக் கழிவுக்கான 2016-ஆம் ஆண்டு விதிகள் கழிவைப் பிரித்துச் சேர்ப்பது பற்றிப் பேசின. 2025-ஆம் ஆண்டு விதிகள் உற்பத்தியாளர் பொறுப்பைக் கொண்டுவந்தன. ஆனால் அந்தப் பொறுப்பு 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள கட்டுமானங்களுக்கே. இடிக்காமல் காத்த வீட்டுக்கு எந்த மறுசுழற்சி விகிதத்திலும் மதிப்பெண் இல்லை. இடித்தால் கூலி, கடை, புதுக் கட்டுமானம் எல்லாம் உள்நாட்டு உற்பத்தியில் ஏறும்!

செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் கூரை ஒழுகும் வீட்டைப் பராமரிக்கும் பங்காளிகளுக்குப் பட்டியல் பணம் தராது. 2024-இல் மாநகராட்சியான காரைக்குடி, இத்தகைய வீடுகளுக்குச் சொத்துவரிச் சலுகையும் பழுதுபார்ப்புக் கடனுக்கு வட்டி மானியமும் கிடைக்க அரசுடன் பேசித் தொடங்கலாம். சுண்ணாம்புச் சாந்து பூசத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.